சங்கொலி அடங்கிய ஆலை

கட்டடங்களுக்கும் ஆயுள் உண்டு. கோயில் சிதைந்தால் ஊர் கூடித் திருப்பணி செய்கிறது. கோட்டை சரிந்தால் தொல்லியல் துறை வேலியிட்டுக் காக்கிறது. ஆனால், மூடப்பட்ட ஓர் ஆலையின் சுவர்களுக்காகக் குரல் கொடுப்போர் அரியர்.

வடசென்னைப் பெரம்பூரில் நின்ற பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் கதை அத்தகையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கப்பெற்ற இவ்விரு பஞ்சாலைகளும் 1920-இல் ஒரே நிறுவனமாக இணைந்தன. மக்கள் நாவில் அவை ‘பின்னி மில்’. அங்கு நெய்த காக்கித் துணி படைவீரர்க்கும் காவலர்க்கும் சீருடையாயிற்று. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பொழுது ஆலைச் சங்கின் ஒலியோடு புலர்ந்தது.

அந்த ஆலையில் துணி மட்டுமா உருவானது? உணவு உண்ணவும் போதிய இடைவேளையின்றி உழைத்தோர், தம் குறையைக் கூட்டாகக் கூறத் துணிந்தனர். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் எனப் போற்றப்படுவது அதுவே. செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகியோரின் முயற்சியால் அது முளைத்தது, பி.பி. வாடியா தலைமை ஏற்றார்; திரு.வி.க. தோள் கொடுத்தார்.

சங்கம் கண்ட சோதனைகள் பல. ஆலை நிருவாகம் தொடுத்த வழக்கில், சங்கத் தலைவர்களுக்கு எதிராக உயர்நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. 1921-ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாய்ந்தன. வேலைக்குத் திரும்பியோர்க்கும் திரும்பாதோர்க்கும் இடையே மூண்ட பகை, ஒன்றாக உழைத்த மக்களையே பிரித்தது. வெற்றியை மட்டுமன்றி இந்த வடுவையும் அம்மண் தாங்கியது. எனினும், தொழிற்சங்கத்திற்குச் சட்டத்தின் காப்பு வேண்டும் என்பதை அவ்வழக்கு நாட்டுக்கு உணர்த்தியது; 1926-இல் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் இயற்றப்பட்டது.

1996-இல் ஆலை மூடப்பட்டது. தறிகள் ஓய்ந்த கூடங்கள் சிலகாலம் திரைப்படங்களின் காட்சிக்களம் ஆயின. உண்மையான போராட்டம் நடந்த வளாகத்தில் நடிகர்கள் பொய்ச் சண்டை இட்டனர். பின்னர்க் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன.

வளரும் நகருக்கு வீடுகள் தேவை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால், பழைய வாயில் ஒன்றை, புகைபோக்கி ஒன்றை, ஒரேயொரு தறிக்கூடத்தையேனும் விட்டுவைத்தால், ‘இது என்ன?’ என்று ஒரு குழந்தை கேட்கும். அக்கேள்விக்கு விடை சொல்லும் முதியவர் ஒருவர் அங்கு இருப்பார். சுவர் மறைந்தால் கேள்வி மறையும். கேள்வி மறைந்தால் விடையும் மெல்ல மறையும். உழைப்போர் இன்று பெற்றிருக்கும் உரிமை எவர் கொடுத்த கொடையும் அன்று. பெயர் தெரியாத பலர் பசியோடு நின்று பெற்றது. அவர்கள் நின்ற இடத்தை அறிந்திருத்தல், அவர்களுக்கு நாம் செலுத்தும் குறைந்த அளவு நன்றி.