ஐப்பசி இருமலுக்குப் பங்குனித் தேன்

தேங்காய்த்திட்டில் காற்றுக்கே ஈரம் அதிகம். அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் கழிமுகம், அலையாத்தி மரங்கள், மீன்பிடித் துறைமுகம் என்று சுற்றிலும் தண்ணீர். ஜாடியில் உப்பு கசியும். டப்பாவுக்குள் வைத்த அப்பளம் நமத்துப்போகும். இந்த ஊரில் மூலிகையைத் தேனில் ஊறவைக்க நினைப்பவர் முதலில் ஈரத்தைக் கவனிக்க வேண்டும்.

பெரும்பாலானவர்களுக்குத் துளசித்தேன் நினைவு வருவது ஐப்பசி மழையில் பிள்ளைகள் லொக்கு லொக்கென்று இருமத் தொடங்கிய பிறகுதான். வாசல் மாடத்துத் துளசியைக் கிள்ளி, அலசி, ஈரம் சொட்டச் சொட்ட பாட்டிலில் திணித்துத் தேனை ஊற்றிவிடுகிறார்கள். சில நாளில் மேலே நுரை கட்டுகிறது. மூடியைத் திருகினால் புஸ்ஸென்று காற்று வருகிறது. முகர்ந்தால் கள்ளின் புளிப்பு. "தேன் கெடவே கெடாதுன்னு சொல்வாங்களே!" என்று பக்கத்து வீட்டு அக்கா ஆற்றாமையோடு கேட்டார். தண்ணீர் சேராதவரை கெடாதுதான். தேனில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. ஈரம் போதிய அளவு குறைவாக இருந்தால் இருக்கிற தண்ணீரையெல்லாம் சர்க்கரை இறுகப் பிடித்துக்கொள்கிறது. தேனில் இயல்பாகவே இருக்கும் ஈஸ்ட் பெருக வழியில்லை. பச்சை இலையின் நீர் சேர்ந்ததும் அது விழித்துக்கொள்கிறது. மூடாமல் வைத்த தேன் மழைக்காலக் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

அதனால் எனக்கு இது பங்குனி, சித்திரை வேலை. தேனும் அப்போதுதான் கைக்கு வரும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மார்த்தாண்டம் தேன் எனக்குப் பிடித்தது. குமரி மாவட்டத்தில் தை, மாசியில் ரப்பர் மரங்கள் தளிர்விடும்போது தேன் பருவம் சூடுபிடிக்கும். அங்கே தேனீக்கள் பெருமளவு சேகரிப்பது ரப்பர் பூவின் தேனை அல்ல. இளம் இலைக்காம்பின் நுனியில் சுரக்கும் இனிப்பை. இதை முதலில் அறிந்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

துளசியைக் கொத்தாகக் கட்டி நிழலில் தொங்கவிடுகிறேன். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும். ஆனால் மணம் தரும் எண்ணெய் பறந்துவிடும். இலையை விரலிடையே கசக்கினால் சரசரவென்று தூளாக வேண்டும். காம்பை வளைத்தால் படக்கென ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். கற்பூரவள்ளி சதைப்பற்றுள்ள இலை, இந்தக் காற்றில் லேசில் காயாது. அதை நான் தேனில் போடுவதேயில்லை, கஷாயத்துக்கு வைத்துக்கொள்கிறேன். சுக்கு, திப்பிலி, அதிமதுரம் எல்லாம் நாட்டு மருந்துக் கடையில் உலர்ந்தே கிடைக்கின்றன. அவற்றை ஒன்றிரண்டாக இடித்துப் போட்டால் போதும்.

உலர்ந்த கண்ணாடி ஜாடியில் பாதிக்கு மூலிகை, அது மூழ்கத் தேன். அடுப்பில் காட்ட வேண்டாம். சித்திரை மாதச் சமையலறைச் சூடே தேனை இளக்கிவிடும். இலை மேலே மிதக்கும் என்பதால் தினமும் ஜாடியைக் கவிழ்த்து வைத்து எடுக்கிறேன். மூன்று, நான்கு வாரத்தில் வடிகட்டலாம். வடிகட்டிய இலையில் தேன் ஒட்டியிருக்கும். அது டீக்குப் போகிறது.

தேன் நெல்லி வேறு கதை. நெல்லிக்காய் தன் நீரைத் தேனுக்குக் கொடுத்துச் சுருங்குவதுதான் அதன் ருசியே. அதைக் குளிர்பெட்டியில் வைத்துச் சீக்கிரம் தின்று தீர்க்க வேண்டும்.

மழைக்கு முன்பே அக்கம்பக்கத்துக்குச் சின்னச் சின்னப் பாட்டிலில் கொடுத்துவிடுவேன். கைக்குழந்தை உள்ள வீடு என்றால் கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன்: ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் துளிகூட வேண்டாம். பிறந்த குழந்தை நாக்கில் தேனைத் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்கள் குடலில் அவை முளைப்பது அரிது; சிசுவின் குடலில் முளைத்து நஞ்சு சுரந்து தசைகளைத் தளர்த்தி, மூச்சையே முடக்கிவிடலாம். பாட்டிமார் முகம் சுளித்தாலும் பரவாயில்லை என்று, தாயிடமும் பாட்டியிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுத்தான் பாட்டிலைக் கொடுக்கிறேன்.