மரிக்காரும் உபாலியும் எங்கள் வீட்டு வானொலியும்

பத்திரிகைத் தொழிலில் முப்பத்தைந்து ஆண்டுகளைக் கழித்துவிட்டேன். கலைஞர்களைப் பற்றி எழுத நேரும்போதெல்லாம் ஒரு விடயம் என்னை வியக்க வைக்கும். ராம்தாஸ் என்று மட்டும் எழுதினால் எங்கள் தலைமுறை வாசகருக்கு ஆள் விளங்காது. 'மரிக்கார்' ராம்தாஸ் என்றால் உடனே முகம் மலரும். அப்படியே 'உபாலி' செல்வசேகரன், 'அப்புக்குட்டி' ராஜகோபால். பெற்றோர் வைத்த பெயருக்கு முன்னால் பாத்திரத்தின் பெயர் போய் அமர்ந்துகொண்டது. ரசிகர்கள் கொடுத்த முதலெழுத்து அது.

எழுபதுகளில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் ஒலிபரப்பான 'கோமாளிகளின் கும்மாளம்' நாடகத்தை நினைவில் வைத்திருப்போர் இன்று உலகின் பல மூலைகளில் இருக்கிறார்கள். அதில் மரிக்கார் முஸ்லிம்களின் தமிழைப் பேசுவார். அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ் பேசுவார். உபாலியின் தமிழ் சிங்களவரின் நாவில் புரண்டு வரும். நான்காமவரான ஐயருக்குப் பிராமணப் பேச்சு. இதில் சுவையான செய்தி, முஸ்லிமான மரிக்காராக நடித்தவர் ராம்தாஸ். ஐயராக நடித்தவர் பி. எச். அப்துல் ஹமீத், சிங்களவரான உபாலியாக நடித்தவர் ஒரு தமிழர். ஒருவரின் சட்டையை மற்றவர் அணிந்துகொண்டு நாட்டையே சிரிக்க வைத்தார்கள். 1976 இல் அது 'கோமாளிகள்' என்று திரைப்படமாகவும் வந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா என்னைக் கூட்டிச் சென்று காட்டினார்.

அப்பா அதிகம் பேசாதவர். ஆயினும் நாடகம் முடிந்ததும் உபாலியின் குரலில் அம்மாவிடம் தேநீர் கேட்பார். எழுத்துகளை விழுங்கி, சொற்களை முன்பின்னாக மாற்றி அவர் கேட்கும் விதத்தில் நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

பின்னாளில் என்னோடு பணியாற்றிய முஸ்லிம் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் முழுமனதோடு சிரிக்கவில்லை. "எங்கட பேச்சு ரேடியோல வருதுண்டு உம்மா சந்தோசப்பட்டாங்க. ஆனா ஸ்கூல்ல எனக்கு மரிக்கார்ண்டே பேர் வெச்சிட்டாங்க. என்ட பேர ஒருத்தனும் கூப்பிடல்ல" என்றார். ஒரு பாத்திரம் மக்கள் மனத்தில் ஆழமாக இறங்கும்போது அந்தச் சாயலுள்ள எல்லோர் மீதும் அதன் நிழல் விழுந்துவிடுகிறது. நாங்கள் மரிக்காரை நேசித்தோம். அந்த நேசத்தின் பாரத்தைச் சுமந்தவன் ஒரு பள்ளிச் சிறுவன்.

ஆயினும் அந்த நாடகத்தில் ஒரு நேர்மை இருந்தது. நால்வரும் சமமாக மூடர்கள். இன்று மரிக்கார் அகப்பட்டால் நாளை அப்புக்குட்டி அகப்படுவார். எவருடைய பேச்சும் சரியான தமிழென்று பீடத்தில் ஏற்றி வைக்கப்படவில்லை.

பின்னர் 1983 வந்தது. ஜூலை 25 ஆம் திகதி திங்கட்கிழமை. கோட்டையில் வேலை செய்த அப்பா, வெள்ளவத்தையிலிருந்த எங்கள் வீட்டுக்கு நடந்தே வரவேண்டியதாயிற்று. அவரைத் தனியே விடாமல் அலுவலகத்துச் சிங்கள நண்பர் ஒருவர் உடன் வந்தார். வழியில் ஒரு கூட்டம் மறித்தது. வாளிக்கான சிங்களச் சொல்லைச் சொல்ல வைத்து, உச்சரிப்பைக் கொண்டு தமிழரை அடையாளம் கண்டார்கள் என்பது அந்நாட்களைப் பற்றிப் பலரும் பதிவுசெய்த உண்மை. அப்பாவுக்குச் சிங்களம் தெரியும். ஆனால் அது தமிழ் நாவில் புரண்ட சிங்களம். அவர் வாய் திறக்குமுன் நண்பர் முந்திக்கொண்டு பேசினார். எல்லாக் கேள்விகளுக்கும் அவரே விடை சொன்னார். அப்பா ஒரு சொல்லும் பேசாமல் வீடு வந்து சேர்ந்தார்.

அதன்பின் அப்பா உபாலியின் குரலில் தேநீர் கேட்டதேயில்லை. நாங்களும் கேட்கச் சொன்னதில்லை.

உபாலியை இவ்வளவு நேசித்த எங்களுக்கு இது எப்படி நேர்ந்தது என்று பல காலம் யோசித்திருக்கிறேன். எளிய விடை ஒன்று பிந்தித்தான் பிடிபட்டது. அந்த நாடகம் தமிழில் நடந்தது. உபாலியை அறிந்தவர்கள் நாங்கள். வீதியை மறித்து நின்றவர்களுக்கு அப்புக்குட்டியைத் தெரியாது.

2000 ஆம் ஆண்டு 'தெனாலி' வெளியானது. இலங்கைத் தமிழராக வந்த கமல்ஹாசனுக்கு யாழ்ப்பாணப் பேச்சில் துணைநின்றவர் எங்கள் அப்துல் ஹமீத், அன்றைய ஐயரேதான். போரால் மனம் சிதைந்து, காண்பதற்கெல்லாம் அஞ்சும் மனிதனின் கதை அது; நகைச்சுவைப் படமாகவே எடுக்கப்பட்டிருந்தது. வீட்டில் இறுவட்டில் பார்த்தோம். எங்கள் பேச்சை அவ்வளவு பெரிய நடிகர் பேசுகிறாரே என்று பிள்ளைகள் குதூகலித்தார்கள். அப்பாவும் முதலில் சிரித்தார். பிறகு, "இவன் ஏன் இப்பிடிப் பயப்பிடுறான் எண்டு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். திரையரங்கில் சிரித்த பல்லாயிரம் பேரில் அந்தக் காரணம் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? இங்கே நால்வர் இல்லை. பிறர் வீட்டில் தனித்து நின்று பேசும் ஒரே ஓர் அப்புக்குட்டிதான்.

2025 மே மாதம் வெளியான 'டூரிஸ்ட் ஃபேமிலி' படத்தைப் பார்த்தபோது இவையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. பொருளாதார நெருக்கடியால் இலங்கையைவிட்டுப் படகேறி வந்த குடும்பம், சென்னையில் தன் பேச்சை மறைத்து வாழவேண்டியிருக்கிறது. வாய் திறந்தால் அகப்பட்டுவிடுவோமோ என்ற அச்சம். சசிகுமாரும் சிம்ரனும் பேசிய ஈழத்தமிழில் குறை கண்ட நண்பர்கள் உண்டு. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. இம்முறை சிரிப்பு அந்தக் குடும்பத்தின் பேச்சை மட்டும் சுற்றி நிற்கவில்லை. அயலவர்களுக்கும் துயரமும் கோணலும் இருந்தன. பழகப் பழக அவர்கள் அக்குடும்பத்தைத் தமதாக்கிக்கொள்கிறார்கள்.

1983 இல் அப்பாவோடு நடந்து வந்தவர் எந்தத் தமிழ் நாடகத்தையும் கேட்டவரல்லர். மதிய உணவு வேளைகளில் ஒரே மேசையில் இருந்து அப்பாவை அறிந்தவர். அந்த மேசை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வாய்க்காதவர்களுக்கு ஒரு மனிதனை அறிமுகப்படுத்தி வைக்கும் வேலையை ஒரு நல்ல பாத்திரம் செய்யக்கூடும். ஆனால் அது எந்த மொழியில், யாருடைய வீட்டுக்குள் போய்ச் சேர்கிறது என்பதையும் நாம் கவனிக்க வேண்டியிருக்கிறது.

அப்பா இன்று இல்லை. இருந்திருந்தால் 'டூரிஸ்ட் ஃபேமிலி'யை இறுதிவரை இருந்து பார்த்திருப்பார் என்றே நினைக்கிறேன். அதன்பின் உபாலியின் குரலில் ஒரு தேநீர் கேட்டிருப்பாரா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.