எட்டுக்கால் புராணம்

நமது பங்கு இல்லத்தின் சாமான் அறையில் ஒரு சிலந்தி குடியிருந்தாள். ‘குடியிருந்தது’ என்று எழுதுவதே இலக்கணம். எனினும் இறுதிவரை வாசிப்போர் இப்பிழையைப் பொறுத்தருள்வர்.

அவளை முதலில் கண்டவர் கோயில்பிள்ளை. ஒருநாள் விடியற்காலைத் திருப்பலிக்கு மணியடிக்கப் பிந்திய அவர், “சாமி, எண்ணெய் எடுக்கப் போனேன், சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி! கை கால் ஓடவில்லை” என்றார். நண்பகலில் சமையற்காரர் கண்டபோது உள்ளங்கை முறமாயிற்று. மாலையில் பீடச் சிறுவர்கள் வாயில் முறம் வண்டிச் சக்கரமாயிற்று.

இவ்வாறு வளர்ந்த புராணத்தின் சுருக்கம் வருமாறு: ஆதியில் நமது கோயில் மணி கப்பலேறி வந்தபோது, அதன் நாக்கைப் பற்றிக்கொண்டு கடல் கடந்து வந்தவள் அவள். முன்னிருந்த பங்குக் குருக்கள் அனைவரையும் கண்டவள். எவருடைய மறையுரை மிக நீண்டதென்று அறிந்தவள். அணையா விளக்கின் எண்ணெய் குறைவது அவள் குடிப்பதால். மெழுகுவர்த்திகள் தேய்வது அவள் கடிப்பதால். சமையலறைச் சர்க்கரை கரைவதும், காலை மணி பிந்துவதும் அவள் திருவிளையாடலே. நம் இல்லத்தில் குற்றவாளி எவருமில்லை. குற்றங்கள் யாவும் எட்டுக் கால்களில் ஏறிக்கொண்டன. நாமும் விதிவிலக்கல்லோம். மறையுரைக் குறிப்பைத் தொலைத்த ஒரு ஞாயிறன்று அவளையே சாட்டினோம்.

சிலந்தியைச் சுற்றிக் கதை பின்னுவது புதிதன்று. திருவானைக்காவில் இலிங்கத்தின் மேல் வலை பின்னிய சிலந்தி, மறுபிறப்பில் கோச்செங்கட் சோழனாயிற்று என்பர். அராக்னே என்னும் கைதேர்ந்த நெசவுப் பெண்ணே சிலந்தியானாள் என்றனர் கிரேக்கர். நோலா நகர்ப் புனித பெலிக்சு ஒளிந்திருந்த இடத்தின் வாயிலில் சிலந்தி வலை பின்னி, தேடி வந்தோரை ஏமாற்றியதாக நமது திருச்சபை மரபும் கூறும். அக்கதைகளில் பக்தியோ திறமையோ உதவியோ உண்டு. நம் புராணத்தில் பழி மட்டுமே இருந்தது.

ஓரிரவு, விளக்குமாற்றை ஒரு கையிலும் டார்ச் விளக்கை மறு கையிலும் ஏந்தி, தாவீது கோலியாத்தை எதிர்கொண்டதுபோல் அவ்வறையுள் புகுந்தோம். சுவரில் நின்றாள். கால்களையும் சேர்த்து அளந்தாலும் ஐந்து அங்குலம் தேறாது. வயிற்றின் கீழ் ஒரு வெண்ணிறப் பை. தட்டையாக, காசுபோல் வட்டமாக. அதை இறுகப் பற்றியிருந்தாள். ஓடவில்லை. ஓங்கிய விளக்குமாறு தாழ்ந்தது.

மறுநாள் பள்ளியின் அறிவியல் ஆசிரியர் விளக்கினார். இது வலை பின்னாத வேட்டைச் சிலந்தி. இரவில் கரப்பான் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். சீண்டினால் கடிக்கும்; உயிருக்கு ஆபத்தில்லை. ஏறத்தாழ 200 முட்டைகள் கொண்ட பையைக் குஞ்சு பொரிக்கும்வரை தாய் சுமந்தே திரியும். 1767-இல் லின்னேயஸ் இதற்கு இட்ட பெயர் ‘வெனட்டோரியா’. குருமடத்தில் நாம் கற்ற இலத்தீன் உதவிக்கு வந்தது: வேட்டைக்குரியவள். ஆகவே பெண்பால் பிழையன்று.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. கடைசித் தெருவில் வாழும் மூதாட்டி ஒருவர் நினைவுக்கு வந்தார். அவரைப் பற்றியும் நம் பங்கில் ஒரு புராணம் உண்டு. அவர் கண் பட்டால் குழந்தை நோயுறும், பசு பால் மறுக்கும், பேசிமுடித்த திருமணம் நின்றுபோகும். நாம் அதை நம்பவில்லை. மறுத்துப் பேசவும் இல்லை. ‘யாருக்கும் முகங்கொடுக்க மாட்டார்’ என்றார்கள். அச்சொல் நமக்கு வசதியாயிருந்தது. இப்பங்கிற்கு வந்து ஈராண்டாகியும் அவ்வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை.

மறுநாள் மாலை சென்றோம். உள்ளே கயிற்றுக் கட்டிலில் அவருடைய மகன், வயது நாற்பதிருக்கும், எழ இயலாதவர். மகன் உண்டென்று பங்குப் பதிவேடு சொல்லிற்று; படுக்கையில் கிடக்கிறார் என்று எவரும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. அவரை விட்டு நகர முடியாததாலேயே தாய் எங்கும் போவதில்லை.

“வாங்க சாமி” என்றார் மூதாட்டி, மகனின் தலையணையைச் சரிசெய்தவாறே. “இந்த வீட்டுக்கு வழி தெரிய ரெண்டு வருசமாச்சா?”

நமக்கு விடை வரவில்லை.

எட்டுக் கால்களைக் கண்டு அஞ்சிய நாம், எட்டாம் கட்டளையை மீற அஞ்சவில்லை. பொய்ச்சான்று நாவினால் மட்டும் சொல்லப்படுவதன்று. நேரில் சென்று பாராமல், கேட்ட கதையைக் கேட்டபடியே விட்டுவிடுவதும் அதில் அடங்கும்.

இப்பொழுது முதல் வெள்ளிதோறும் அவ்வீட்டிற்கு நற்கருணை கொண்டு செல்கிறோம். கோயில்பிள்ளை விளக்கேந்தி முன்செல்கிறார். தெருவார் சிலர் வாசலில் முழந்தாளிடுகின்றனர். சிலர் இன்னும் கதவைத் திறப்பதில்லை. திறப்பார்கள் என்று மன்றாடுகிறோம்.

சாமான் அறையில் குஞ்சுகள் பிரிந்து போயின. கரப்பான்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. அணையா விளக்கின் எண்ணெய் மட்டும் முன்போலவே குறைகிறது. இனி யாரைச் சாட்டுவதென்றுதான் தெரியவில்லை.