அடுப்படிச் சுவரும் கொத்தனார் வாக்கும்

அறந்தாங்கியில் வேலை நடக்கும் வீடுகளில் கொத்தனார்களோடு நின்று பேசினால், ஒரே கோரிக்கை திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது: "கிச்சனை ஓப்பன் பண்ணிடுங்க மேஸ்திரி." இந்தக் கோரிக்கை எழுவது பெரும்பாலும் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடுகளில். முன்னால் வராந்தா, நடுவில் ஹால், கடைசியில் கொல்லையைப் பார்த்தபடி எட்டடிக்கு ஏழடியில் அடுப்படி. கடப்பாக்கல் மேடை, மேலே பரண், ஒரு சிறு ஜன்னல், ஒரு கதவு. ஒருவர் நின்றால் இன்னொருவர் ஒதுங்கித்தான் போகவேண்டும். அதைத் திறந்துவிடக் கேட்பது முற்றிலும் நியாயம். ஆனால் எவ்வளவு திறப்பது, எங்கே நிறுத்துவது என்பதை இன்று பல வீடுகளில் தீர்மானிப்பது செல்போனில் வந்த ஒரு படம். அந்தத் தீர்மானம் அங்கே சமைப்பவருக்கும், சுவரின் சுமை தெரிந்த கொத்தனாருக்கும் உரியது என்பதே இந்த வேலையிடங்களைப் பார்த்தபின் எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

அடுப்படியை ஒதுக்கி வைத்ததற்குக் காரணம் இருந்தது. விறகும் தென்னம்பாளையும் எரிந்த காலத்தில் புகை வீட்டுக்குள் பரவக்கூடாது, பொறி கூரையில் பட்டுவிடக்கூடாது. பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளும் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீண்டு, கடைசியில்தான் சமையல்கட்டுக்கு இடம் தருகின்றன. யார் எதுவரை உள்ளே வரலாம் என்ற சாதிக் கணக்கும் தீட்டுக் கணக்கும் அந்தத் தொலைவில் கலந்திருந்ததை மறைக்க வேண்டியதில்லை. பிறகு எரிவாயு வந்தது. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்துக்குப் பின் ஏழை வீடுகளுக்கும் சிலிண்டர் போய்ச் சேர்ந்தது. விறகுப் புகை குறைந்தது, புகைக்காக எழுப்பிய சுவர் மட்டும் அப்படியே நிற்கிறது. அதன் அந்தப் பக்கம் வீடே கூடிப் பேசிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் ஒருத்தி தனியாகத் தோசை வார்த்துக்கொண்டிருக்கிறாள். மேடையைத் திருத்தி அலமாரியைக் கூட்டினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்து அனுபவம் பதில் சொல்லும். 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் அங்கே தொழிலாளர் குடியிருப்புகளுக்காக 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், அதாவது சுமார் 70 சதுர அடியில் ஒரு சமையலறையை வடிவமைத்தார். வீண் நடை இல்லாமல் எல்லாம் கைக்கெட்டும்படி கணக்கிட்ட அறை அது. சுமார் 10,000 வீடுகளில் அமைந்தது. ஆனால் ஒரே ஆள் நிற்கக்கூடிய அந்த அறை பெண்ணை வீட்டாரிடமிருந்து பிரித்துவிட்டது என்ற குறை பின்னாளில் எழுந்தது. வேலை எளிதானதால் மட்டும் தனிமை தீர்ந்துவிடவில்லை.

ஆகவே சுவரைத் திறக்கத்தான் வேண்டும். எப்படித் திறப்பது என்பதில்தான் கைத்தொழிலின் அறிவு இருக்கிறது. அனுபவமுள்ள கொத்தனார் சம்மட்டியைத் தொடுவதற்கு முன் மொட்டை மாடிக்குப் போய்ப் பார்க்கிறார். இந்தச் சுவருக்கு நேர் மேலே இன்னொரு சுவர் நிற்கிறதா, தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று தேடுகிறார். நாலரை இஞ்சுச் சுவர் பெரும்பாலும் வெறும் தடுப்பு. ஒன்பது இஞ்சு என்றால் தளத்தைத் தாங்குவது என்று வைத்துக்கொண்டுதான் தொடங்கவேண்டும். அத்தகைய சுவரில் முதலில் இரண்டு பக்கமும் தளத்துக்கு முட்டு. அடுத்து, பீம் உட்காரும் அளவுக்கு மட்டும் உடைத்து, இரு முனைகளும் மீதிச் சுவரில் நன்றாக ஏறி உட்காரும்படி பீம் போட்டு, அதற்கும் தளத்துக்கும் நடுவில் சந்து இல்லாமல் கலவையை இறுக்கி அடைக்கவேண்டும். கீழ்ச்சுவர் கடைசியாகத்தான் இறங்கும். ஆறு மீட்டர் வரை நீளமுள்ள கான்கிரீட் பீமுக்குக் குறைந்தது 14 நாள் முட்டு நிற்கவேண்டும் என்பது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநெறி ஐ.எஸ். 456இன் விதி. வீட்டுக்காரரின் அவசரம் ஒரு வாரத்திலேயே முட்டைப் பிடுங்கச் சொல்கிறது. அதை மறுத்துச் சொல்லும் இடம் கொத்தனாருக்கு வேண்டும். அறந்தாங்கிக்குப் பக்கத்திலுள்ள ஆவுடையார்கோயிலின் கல் கொடுங்கையை, அதாவது வளைந்து இறங்கும் கூரை விளிம்பைப் பற்றி ஒரு வழக்கு உண்டு. பழைய சிற்பிகள் ஒப்பந்தம் எழுதும்போது 'ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக' என்று சேர்த்து எழுதுவார்களாம். தன்னால் எது ஆகாது என்று சொல்லும் உரிமை அன்று தொழிலாளியிடம் இருந்ததைக் காட்டும் வழக்காகவே அதைப் படிக்கிறேன். இன்றைய கொத்தனாருக்கும் 'இந்தச் சுவர் நீங்கலாக' என்று சொல்ல இடம் வேண்டும். தினக்கூலிக்கு நிற்கும் ஒருவர் அப்படிச் சொன்னால் மறுநாள் வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். அவர் கேட்கும் கூலியில் கைவேலைக்கான பங்கோடு அறிவுக்கான பங்கும் உண்டு என்பதை நாம் ஒப்புக்கொள்ளவேண்டும்.

மறுப்புகள் வலுவானவை. மணமேல்குடியிலிருந்தும் கோட்டைப்பட்டினத்திலிருந்தும் மீன் வந்து இறங்கும் ஊர் இது. மீன் வறுக்கும் வாடையும் மிளகாய் தாளிக்கும் நெடியும் ஹாலில் நிறைந்தால் யார் தாங்குவது? விருந்தாளி வந்தால் கழுவாத பாத்திரம் கண்ணில் படுமே? நெடி பற்றிய கவலை உண்மையானது. அதற்காகத்தான் முழுச் சுவரையும் எடுப்பதை ஏற்காமல், மேடை மட்டத்துக்கு மேலே நான்கு ஐந்தடி அகலத்துக்கு மட்டும் திறப்பதை ஆதரிக்கிறேன். தாளிக்கும் நேரம் சாத்திக்கொள்ள ஒரு நகரும் கண்ணாடிக் கதவு, அடுப்புக்கு நேரே வெளிச்சுவரில் எக்ஸாஸ்ட் விசிறி இருந்தால் நெடியில் பெரும்பகுதி கொல்லைக்குப் போய்விடும். அரைச் சுவரே பாத்திரத்தையும் மறைக்கும். மூடிய அறையிலும் அந்த நெடியை ஒருத்தி சுவாசித்துக்கொண்டுதான் இருந்தாள், அது மற்றவர் மூக்குக்கு எட்டாததால் பேச்சாகவில்லை. இன்னொன்றைப் பலரும் யோசிப்பதில்லை. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். மேலே எத்தனை பெரிய திறப்பு வைத்தாலும் அது முழுதாக வெளியேறாது. சிலிண்டர் இருக்கும் பக்கம் வெளிச்சுவரில் தரைமட்டத்தில் ஒரு காற்றுத்துளை விடுவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

இந்த வேலையிடங்களில் யாரும் கருத்துக் கேட்காத ஒருவர் உண்டு, சித்தாள். கொத்தனாரைவிடக் குறைந்த கூலிக்குக் கலவைச் சட்டி சுமக்கும் அந்தப் பெண், அங்கே நிற்பவர்களில் அன்றாடம் சமைக்கிறவர். மேடையை 32 இஞ்சில் நிறுத்துவதா 34 இஞ்சில் நிறுத்துவதா என்று ஆண்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சமைப்பவரின் முழங்கைக்கு நாலைந்து இஞ்சு கீழே மேடை இருந்தால் தோளும் இடுப்பும் வலிக்காது. வீட்டம்மாவை அங்கே நிற்கவைத்து அளந்தால் தீர்ந்துபோகிற விஷயம். அந்தச் சித்தாள் போன்றவர்களுக்காகத்தான் தமிழக அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டம் 2024இல் வந்தது. ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் உதவி, 360 சதுர அடி. அவ்வளவு சிறிய வீட்டுக்குள்ளும் அடுப்படியை நான்கு சுவருக்குள் அடைத்துக் கட்டினால், நாளைக்கு அதை உடைக்க முட்டும் பீமும் கூலியும் மறுபடி வேண்டும். சுவர் மேடை மட்டத்துக்கு வரும்போதே திறப்பு விட்டு, மேலே லிண்டலை ஓட்டிவிட்டால் செங்கல்கூட மிச்சமாகும். அதை எந்த இடத்தில் விடுவது என்று அந்த வீட்டுப் பெண்ணிடம் கேட்டு, கொத்தனார் சுவரில் கோடு போடட்டும்.