மிட்லண்டுக்கு அங்கால ஒரு பிரெஞ்சுக் கிராமம்

ரொறன்ரோத் தமிழருக்கு மிட்லண்ட் புது இடமில்லை. கோடை வந்தால் தமிழ் யாத்திரை எண்டு வான் வானாகப் போய், மறைசாட்சிகள் திருத்தலத்தில் பூசை கண்டு, புல்வெளியில் விரிப்பு விரித்து, கொண்டுபோன சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டு, பின்னேரம் திரும்பி வருவது எங்கட வழக்கம். எங்கட வீடு சைவ வீடு. ஆனாலும் சின்ன வயதில் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறா. "மாதா எல்லாருக்கும் பொதுத்தானே" எண்டுவா.

அத்தனை தரம் போயும், அங்கிருந்து இன்னும் கொஞ்சத் தூரம் மேற்கே ஓடினால் பிரெஞ்சுக் கிராமங்கள் இருக்கின்றன எண்டு எனக்குத் தெரியாது. பிரெஞ்சு எண்டால் கியூபெக், கியூபெக் எண்டால் எட்டு மணித்தியாலக் கார் ஓட்டம். அப்படித்தான் நினைத்திருந்தேன். போன கோடையில் ஒரு சனிக்கிழமை, மகளையும் மகனையும் ஏற்றிக்கொண்டு ஹைவே 400இல் வடக்கே போனோம். சனிக்கிழமை எண்டால் தமிழ்ப் பள்ளி. அதை ஒரு நாள் விட்டுவிட்டுப் போனதில் மகளுக்குப் பெரிய சந்தோசம். அந்தச் சந்தோசம்தான் எனக்கு உறுத்தியது.

பரி நகரைத் தாண்டி ஹைவே 93இல் ஏறினால் நேரே பெனடாங்குவிஷீன். வெள்ளை மணல் சரியும் இடம் எண்டு அந்த ஆதிக்குடிப் பெயருக்குப் பொருள். ஊருக்குள் நுழையும் இடத்தில் தெருவின் இரண்டு பக்கமும் இரண்டு தேவதைச் சிலைகள் நிற்கின்றன. 1921இல் வைத்தவை. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒற்றுமையாக வாழ வேண்டும் எண்டதற்கு அடையாளமாம். ஒற்றுமைக்குச் சிலை வைத்திருக்கிறார்கள் எண்டால், முந்தி ஏதோ பிணக்கு இருந்திருக்க வேணும். அதைப் பிறகு சொல்கிறேன்.

1828இல் ட்ரமண்ட் தீவு அமெரிக்காவின் கைக்குப் போன பிறகு, அங்கிருந்த பிரிட்டிஷ் படையணி இங்கே இடம் மாறியது. அதோடு மென்தோல் வணிகத்தில் படகு வலித்த பிரெஞ்சுக்காரரும், மெற்றி குடும்பங்களும் வந்து குடியேறினார்கள். பிறகு கியூபெக்கின் பத்திஸ்கான், ஜொலியற் போன்ற இடங்களில் இருந்து நிலம் தேடி விவசாயிகள் வந்தார்கள். அவர்கள் காடு வெட்டி உண்டாக்கிய கிராமம்தான் லாபொந்தேன். அது இருக்கிற நகராட்சிக்குப் பெயர் டைனி. ஆளுநர் மனைவி ஒருவர் மடியில் வைத்து வளர்த்த நாய்க்குட்டிகளின் பெயரைத்தான் டைனி, டே, ஃப்ளொஸ் எண்டு மூன்று ஊர்களுக்கு வைத்தார்களாம். இதைக் கேட்டு மகன் சிரித்த சிரிப்பில் அரை மணித்தியாலம் போனது தெரியவில்லை.

லாபொந்தேனில் முதலில் கண்ணில் படுவது சென்ற்-குறுவா, திருச்சிலுவைக் கோயிலின் கோபுரம். சுற்றி எங்கே நின்றாலும் அது தெரியும். எங்கட ஊர்களில் கோயில் கோபுரத்தைப் பார்த்து வழி பிடிக்கிற மாதிரி. காரைக் கோயிலடியில் விட்டுவிட்டு நடந்தோம். இரண்டு பக்கமும் சோளம், வைக்கோல் உருளைகள், சிவப்புக் களஞ்சியங்கள். தபால் பெட்டிகளில் பிரெஞ்சுப் பெயர்கள்.

"அப்பா, ஆர் வி இன் கியூபெக்?"

"இல்லையம்மா, ஒன்ராறியோதான்."

"தென் வை?"

அந்த 'வை'க்குப் பதில் சொல்லத்தான் மிச்ச நடை எல்லாம் போனது.

முதலில் ஓநாய்க் கதையைச் சொன்னேன். கியூபெக்கின் வெவ்வேறு இடங்களில் இருந்து வந்தவர்கள் ஆளுக்கொரு பகுதியில் இருந்து, ஒருவரோடு ஒருவர் அவ்வளவாகச் சேராமல் இருந்திருக்கிறார்கள். எங்கட ஊர்ச் சங்கங்களை நினைத்துக்கொள்ளுங்கள்! அப்போது ஒரு ஓநாய் வந்து எல்லாரின் ஆடுகளையும் அடிக்கத் தொடங்கியது. பொது எதிரி வந்ததும் ஊர் ஒன்றாகியது. 1902இல் தியோபில் புறுனெல் எண்ட விவசாயி அதைச் சுட்டு வீழ்த்தினார். தோமஸ் மார்ஷில்டொன் எண்ட பாதிரியார் 1955இல் இதைப் புத்தகமாக எழுதினார். இப்போது ஒவ்வொரு கோடையிலும் ஓநாயின் பெயரில் பிரெஞ்சு விழா நடக்கிறது. ஊரைச் சேர்த்து வைத்த ஓநாய்க்கு விழா எடுக்கிற சனம்.

கிராமத்துக்கு வெளியே, வயல் வெளியில் ஒரு நினைவுச் சிலுவை நிற்கிறது. இந்த இடத்துக்குக் கராகுவா எண்டு பெயர். வென்டாற் மக்களின் ஊர் இருந்த இடம். 1615 ஆகஸ்ட் 12ஆம் திகதி, ஜோசப் லு கறோன் எண்ட குரவானவர் சாம்ப்லேன் முன்னிலையில் இங்கே பூசை வைத்தார். இன்றைய ஒன்ராறியோவில் நடந்த முதல் பூசை எண்டு அதைச் சொல்கிறார்கள். சுற்றிவர ஒருவரும் இல்லை. காற்றும் சோளமும்தான். அருகில் கழிவறையோ கடையோ இல்லை. தண்ணீரும் நுளம்பு மருந்தும் கட்டாயம் கொண்டு போங்கள்.

பின்னேரம் மிட்லண்டுக்கு வந்து, திருத்தலத்துக்கு எதிரே உள்ள சென்ற்-மரி குடியிருப்பைப் பார்த்தோம். யேசு சபையினர் 1639இல் கட்டி, 1649இல் தாங்களே தீ வைத்துவிட்டுப் போன இடம். இப்போது இருப்பது அகழ்வாய்வுக்குப் பிறகு மரத்தால் திருப்பிக் கட்டியது. இங்கிருந்த ஜோன் டி பிறெபஃப் வென்டாற் மொழியைக் கற்று, அந்த மொழியிலேயே கிறிஸ்மஸ் பாட்டு எழுதியவர். அதே நூற்றாண்டில் மதுரையில் றொபேட் டி நொபிலி தமிழ் படித்தார். ஒரே சபை, இரண்டு மொழிகள். தமிழ் நிலைத்தது. வென்டாற் மக்களை 1630களில் ஐரோப்பியரோடு வந்த அம்மை முதலான நோய்கள் பாதியாக்கின, பிறகு போர் சிதறடித்தது. அவர்களின் மொழி வீடுகளில் பேச்சொழிந்து போனது. இன்று கியூபெக் நகருக்குப் பக்கத்தில் வென்டேக்கில் உள்ள சந்ததியினர், பாதிரிமார் எழுதி வைத்த பழைய அகராதிகளை வைத்துத்தான் அந்த மொழியைத் திரும்பப் படிக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சொன்னால் இரண்டு பக்கத்தையும் சொல்லுங்கள்.

இனி அந்தத் தேவதைகள் விசயம். 1912இல் ஒன்ராறியோ அரசு 17ஆம் இலக்க ஒழுங்குவிதியைக் கொண்டுவந்தது. முதல் இரண்டு வகுப்புகளுக்கு மேல் பிரெஞ்சில் படிப்பிக்கக் கூடாது. 1927வரை அதோடு போராடினார்கள். பிறகும் உயர்நிலைப் பள்ளி எண்டால் ஆங்கிலம்தான். பெனடாங்குவிஷீனில் பெற்றோர் தங்களுக்கு ஒரு பிரெஞ்சு உயர்நிலைப் பள்ளி கேட்டார்கள். கிடைக்கவில்லை. 1979இல் அனுமதி இல்லாமலே தாங்களாகவே ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். பிள்ளைகள் அங்கே போய்ப் படித்தார்கள். அடுத்த வருடம் அரசு இறங்கி வந்தது. 1982இல் புதுப் பள்ளி திறந்தது. அதற்கு வைத்த பெயர் லு கறோன். நாங்கள் வயலில் சிலுவை பார்த்தோமே, அந்தப் பாதிரியாரின் பெயர்தான்.

இதைச் சொன்னதும் மகள் கேட்டாள்: "அப்ப எங்களுக்கு ஏன் சனிக்கிழமை மட்டும்?"

நல்ல கேள்வி. பிரெஞ்சுக்குக் கனடாவின் அரசியலமைப்பில் இடம் இருக்கிறது. 1982 உரிமைச் சாசனத்தின் 23ஆம் பிரிவு, சிறுபான்மையாக இருக்கிற இடத்திலும் அவர்கள் பிள்ளைகளுக்குத் தங்கள் மொழியில் படிக்கும் உரிமையைத் தருகிறது. தமிழுக்கு அது இல்லை. எங்களுக்கு இருப்பது சனிக்கிழமை வகுப்பும் வீடும்தான்.

ஆனால் சட்டம் இருந்தால் மட்டும் போதாது எண்டதையும் அன்றே பார்த்தேன். காலையில் கோயிலடியில் ஒரு முதியவர் எங்களோடு கதைத்தார். பேரப்பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளியில்தான் படிக்கிறார்களாம். "நான் பிரெஞ்சில் கேட்கிறேன், அவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள்" எண்டு சிரித்தார். எங்கட அம்மம்மாக்கள் சொல்கிற அதே வசனம்! பள்ளி எழுத்தைக் கொடுக்கும். சாப்பாட்டு மேசையில் என்ன மொழி எண்டதை அப்பா அம்மாதான் தீர்மானிக்க வேணும். எனக்கும் வேலையில் முழு நாளும் ஆங்கிலம், வீட்டுக்கு வந்தாலும் வாயில் அதுதான் முதலில் வருகிறது. பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை எண்டு அந்தக் கோயிலடியில் நின்றபோதுதான் விளங்கியது.

திரும்பி வரும்போது, பரி வரைக்கும் காருக்குள் தமிழ் மட்டும்தான் எண்டு ஒரு விளையாட்டு வைத்தோம். முதலில் தோற்றது நான். "லேன் மாறப் போறன், இண்டிகேட்டர் போடு" எண்டு எனக்கு நானே சொன்னதைப் பிடித்துவிட்டாள். ஹைவேயில் லேனுக்கு என்ன தமிழ் எண்டு கேட்டாள். "ஒழுங்கை" எண்டேன். "ஒழுங்கை எண்டால் அம்மம்மா வீட்டுக்குப் போற சின்ன ரோட் எல்லோ?" எண்டாள். அம்மம்மா சொன்ன கதை எதையோ அவள் கேட்டுத்தான் இருக்கிறாள்.

போக விரும்புபவர்களுக்கு: ஸ்காபரோவில் இருந்து இரண்டு மணித்தியாலம். சென்ற்-மரிக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. திருத்தலம் கோடைப் பருவத்தில்தான் திறந்திருக்கும், நாள் பார்த்துப் போங்கள். நடக்கப் பிரியமானவர்களுக்கு, பழைய ரயில் பாதையில் அமைத்த டைனி பாதை நல்லது, சின்னப் பிள்ளைகளின் சைக்கிளும் ஓடும். சனிக்கிழமை வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை போங்கள். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி இருக்கிறது.