ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர்

கொடைக்கானலுக்குக் குடும்பத்துடன் செல்வோரைக் கண்டிருப்பீர்கள். ஆடவர் படகேறுவர், பிள்ளைகள் குதிரைச் சவாரி கேட்டு அடம்பிடிப்பர், பெண்களோ சோற்றுப் பாத்திரங்களுக்குக் காவலாய் வேனிலேயே அமர்ந்திருப்பர். இவ்வழக்கம் எனக்கு உடன்பாடன்று.

சென்ற ஆண்டு நாங்கள் வத்தலக்குண்டு வழியே மலையேறினோம். ஊருக்கு எட்டுக் கிலோமீட்டர் முன்பாக, 180 அடி உயரத்திலிருந்து வீழும் வெள்ளியருவியில் வேன் நின்றது. ஏரி நிரம்பி வழியும் நீரே இது என்றேன். "அப்படியானால் அந்த ஏரியை நான் நடந்து பார்க்க வேண்டும்" என்றார் உம்மா. வயது அறுபத்தெட்டு, மூட்டுவலி வேறு.

அவ்வேரி இயற்கையானதன்று. மதுரை கலெக்டராயிருந்த லெவிஞ்சு 1863-ஆம் ஆண்டு நீரோடையைத் தடுத்து உருவாக்கியது. நட்சத்திரம்போல் பல கிளைகளாய் விரிந்திருப்பதால், கரைச்சாலையில் எங்கு நின்றாலும் முழு ஏரியும் தென்படாது. இதோ முடிந்தது என எண்ணுகையில் மற்றொரு வளைவில் புதிதாய் நீர் விரியும். அதுவே உம்மாவை நடத்திச் சென்றது.

பாத்திரங்களுக்கு ஓட்டுநரே காவல். மாமியும் மருமகளும் கைகோத்து முன்னே நடந்தனர். பதினெட்டு ஆண்டுகளாக ஒரே அடுப்படியில் நின்றவர்கள், அன்றுபோல் சிரித்துப் பேசி நான் கேட்டதில்லை. என்ன பேசினர் என்பதை இன்றளவும் என்னிடம் கூறவில்லை! இருமுறை அமர்ந்து, இரண்டரை மணி நேரத்தில் சுற்றி முடித்தோம்.

செல்ல விரும்புவோர் கவனத்திற்கு: உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே மாதம் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு நல்ல நடைசெருப்பும் வாங்கிவிடுங்கள்.