ஆறு ஆட்டத்தோடு கிளம்பியவர்

1943. நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி. அதன் வீரர் ஏஞ்சலோ பெர்டெல்லி ஆடிய ஆறு ஆட்டங்களிலும் வெற்றி. அதற்குள் இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்க மரீன் படை கூப்பிட்டது. பந்தை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அவர் இடத்துக்கு வந்தவர் 18 வயது ஜானி லுஜாக். ராணுவ அகாடமி அணியை 26-0 என்று சுருட்டினார்கள். கடைசி ஆட்டத்தில் மட்டும் கிரேட் லேக்ஸ் கடற்படைத் தள அணியிடம் 19-14 என்று தோற்றார்கள். ஆனாலும் தேசிய சாம்பியன் அவர்கள்தான்.

பாதி சீசனே ஆடிய பெர்டெல்லிக்கு, கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது! பிறகு அவர் இறங்கிய களம், ஜப்பானின் இவோ ஜிமா தீவுப் போர்க்களம். லுஜாக்கும் கடற்படைக்குப் போனார்.

கல்லூரி வயசில் என் பெரிய கவலை, அரியர் பேப்பர். நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.